நான் எழுதிய கடைசி ஒன்றரைப் பக்கம்

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நீ மேற்கொண்டு வாசிக்க மாட்டாய். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் நலமாக இல்லை என்று அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து உன் பெயருக்கு வந்த கடிதத்தை நான் உடைத்துப் படித்துவிட்டேன். அது பிழைதான். ஆனால் நான் செய்த பிழைகளை வரிசையில் நிற்க வைத்தால் அது கடைசியில் நிற்கிற சின்னப் பிழை. புதிய எழுத்தாளர்களுக்கான சிறுகதைப் போட்டியில் முதற்பரிசு பெற்ற உன் கதையின் முடிவை எழுதியது யார் என்று, வருகிற வியாழக்கிழமை காலை தமிழ்த்துறைக்கு நேரில் வந்து நீ விளக்கம் தர வேண்டுமாம். வராவிட்டால் வேறொருவருடைய எழுத்தை உன் பெயரில் அனுப்பியதாகவே கொள்வார்களாம். பரிசுக் கதைகளைத் தொகுத்துப் போடும் புத்தகத்திலும் அப்படி ஒரு குறிப்பு வருமாம். இதை அம்மா மன்னாருக்கு உனக்குப் போன் எடுத்துச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "நான் போகேல்லை அம்மா. போனா அப்பான்ரை பேரைச் சொல்ல வேணும்." அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உன் மேல்தான் கோபம். என்னைக் காப்பாற்றச் சொல்லி உன்னை யார் கேட்டது? நான் அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்ற லிகிதன். என் பெயர் கெட்டால் வாசிகசாலையில் நாலு பேர் நாலு நாளைக்குக் கதைப்பார்கள், பிறகு தேர்தலைப் பற்றிக் கதைக்கப் போய்விடுவார்கள். உனக்கு இருபத்தைந்து வயது. எழுதத் தொடங்கியிருக்கிறாய். முதற் கதையிலேயே கள்ளன் என்ற பெயர் விழுந்தால் அதற்குப் பிறகு நீ எதை எழுதினாலும் "இதை ஆர் எழுதிக் குடுத்தது?" என்றுதான் கேட்பார்கள். இது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு மன்னாரில் இருக்கிறாய். ஆகவே இந்தக் கடிதத்தை மூன்று பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு, ஒன்று தமிழ்த்துறைக்கு, ஒன்று எங்கள் ஊர் வாசிகசாலை அறிவித்தல் பலகைக்கு. உனக்குத் தெரிந்த விடயங்களையும் விளக்கி எழுதினால் சலித்துக்கொள்ளாதே, மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள்.

அந்த மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் கல்வெட்டு எழுதுகிறவன். ஊரில் ஒருவர் இறந்தால் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியமுன் வீட்டுக்காரர் என்னிடம் வந்துவிடுவார்கள். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் வேண்டும், அதைத்தான் இங்கே கல்வெட்டு என்கிறோம். இறந்தவரின் படம், பிறப்பு வளர்ப்பு, செய்த நற்பணிகள், அதற்குப் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒவ்வொருவருடைய வாயிலும் நாலைந்து செய்யுளை நான் வைப்பேன். அவர்கள் உண்மையில் என்ன சொல்லி அழுதார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வாழ்நாள் முழுக்க எல்லை வேலிக்குச் சண்டை பிடித்தவர் என் கையால் "நேர்மை தவறாதவர்" ஆகியிருக்கிறார். கோயில் வாசலை மிதியாதவர் "நெஞ்சையே கோயிலாக்கியவர்" ஆகியிருக்கிறார். வாசித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணை, அப்பிடியே எழுதிப்போட்டீங்கள்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

உன்னிடமும் இதை முன்பே காட்டியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் "எங்கள் வீட்டுப் பசு" என்று கட்டுரைப் போட்டிக்கு எழுதினாய். எங்கள் மாடு அப்பாவை மட்டும் உதைக்கும் என்று அதில் ஒரு வரி. நான் அதை வெட்டிவிட்டு, அது மிகவும் சாதுவானது, எல்லோரிடமும் அன்பு காட்டும் என்று எழுதித் தந்தேன். உனக்கு முதற்பரிசு. பரிசுக் கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்து விம்மி விம்மி அழுதாய். "அது எங்கடை மாடில்லை அப்பா" என்றாய். நான் அதை வருகிற போகிற எல்லோரிடமும் பகிடியாகச் சொல்லிச் சிரித்தேன். நீ கிண்ணத்தைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டிலில் வைத்துவிட்டு வந்தாய். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனிப் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணன். எங்கள் ஐயா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அண்ணன் தன் படிப்பை விட்டுவிட்டு நீர்வேலிச் செம்மண்ணில் வாழை வைத்து என்னைப் படிப்பித்தார். பரீட்சைக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், நான் எழுதி முடிக்கும்வரை வெயிலில் மதிலோரம் நின்று, திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தவர். அதே அண்ணன்தான் பெரியம்மாவை அடித்தவர். குடித்தால் அடிப்பார் என்று சொல்லி நான் தப்ப முடியாது, குடிக்காமலும் அடிப்பார். சோறு ஆறிவிட்டது என்று அடிப்பார், சோறு சுடுகிறது என்றும் அடிப்பார். எங்கள் இரண்டு வீட்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அங்கே சத்தம் எழும்பினால் நான் எங்கள் வீட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். "ஏனப்பா றேடியோவைக் கூட்டுறீங்கள்?" என்று நீ சின்ன வயதில் கேட்டாய். "செய்தி போகுது, பேசாமல் இரு" என்றேன். அப்போது செய்தி நேரமே இல்லை. ஒருநாளாவது வேலியைத் தாண்டிப் போய் அண்ணனின் கையைப் பிடித்தேனா என்றால் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பெரியப்பா மாரடைப்பில் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து காலை பத்து மணிக்குப் பிரேதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பெண்கள் தலைமாட்டில் இருந்து ஒப்பாரி வைத்தார்கள். எல்லோருடைய கண்ணும் பெரியம்மாவின் மேல். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் பின்பக்கமாகத் தோட்டத்துக்குப் போனார். வாழைக்கு இறைக்க வேண்டிய நாள் அது. மோட்டரைப் போட்டு, மண்வெட்டியை எடுத்து, ஒவ்வொரு பாத்தியாக வெட்டிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினார். செத்தவீட்டுக்கு வந்த சனம் முழுக்க மோட்டர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. "மனிசிக்கு விசர் பிடிச்சிட்டுது, ஆரும் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று ஒருவர் சொன்னார். போனவன் நீ. கூட்டிக்கொண்டு வராமல் கடைசிப் பாத்திவரை பக்கத்தில் நின்றுவிட்டு வந்தாய். அண்ணனின் கல்வெட்டை நான்தான் எழுதினேன் என்று சொல்லத் தேவையில்லை. மனைவி புலம்பலுக்கு மட்டும் எட்டுச் செய்யுள். "துணையை இழந்து துடிதுடித்தேன்" என்ற மாதிரி. பெரியம்மா அதை வாங்கி ஒருமுறை வாசித்துவிட்டு அலுமாரிக்கு மேலே வைத்தார்.

நீ அந்த நாளைக் கதையாக எழுதினாய். "இறைப்பு" என்று தலைப்பு. வேலை கிடைத்து மன்னாருக்குப் போகிற அவசரத்தில் கொப்பியை என்னிடம் தந்து, "கோப்பாயிலை நீங்கள் கல்வெட்டு அடிக்கிற கடையிலை குடுத்து ரைப் பண்ணுவிச்சு, மூண்டு பிரதி எடுத்துப் போட்டிக்குக் குடுத்துவிடுங்கோ அப்பா. எழுத்துப் பிழையை மட்டும் பாருங்கோ" என்றாய். மட்டும் என்ற சொல்லை அழுத்திச் சொன்னாய். நான் ஓம் என்றேன். கடையில் ரைப் பண்ணுகிற பிள்ளை அடித்துத் தந்த தாள்களை அங்கிருந்த வாங்குப் பலகையில் இருந்து வாசித்தேன். பெரியம்மா கடைசிப் பாத்தியை வெட்டிவிடுகிறார், தண்ணீர் போகிறது, கதை முடிகிறது. பேனையை எடுத்தேன். பெரியம்மா மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடிவந்து, கணவனின் மார்பில் விழுந்து, "என் தெய்வமே" என்று கதறி அழுவதாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வாழைகளும் தலைகுனிந்து கண்ணீர் சொரிந்தன என்று முடித்தேன். ரைப் பண்ணிய பிள்ளையே திரும்பிப் பார்த்து, "அங்கிள், உது முப்பத்தொண்டுக்கு அடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். "நீ அடி பிள்ளை" என்றேன். போட்டி விதிப்படி உன் பெயரை வேறு உறையில் போட்டு ஒட்டி, துறையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரதி அனுப்பச் சொல்லி நீ இரண்டு தரம் கேட்டாய். கடையில் மின்சாரம் இல்லை, மெஷின் பழுது என்று நாளைக் கடத்தினேன்.

ஏன் செய்தேன் என்று இந்த மூன்று மாதமும் என்னையே கேட்டுப் பார்த்தேன். அண்ணனின் மானத்துக்காக என்று ஒரு பதில் வைத்திருந்தேன். கதைக்கு அழகு சேர்த்தேன் என்று இன்னொன்று. இரண்டும் பொய். உன் கதையின் நடுவில் ஒரு வரி இருந்தது: அடி விழும்போதெல்லாம் அடுத்த வீட்டுத் தம்பி வானொலியைக் கூட்டி வைப்பான் என்று. நீ அதைப் பெரிதுபடுத்தவில்லை, சும்மா சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருந்தாய். நான் முதலில் வெட்டியது அந்த வரியை. அதற்குப் பிறகுதான் முடிவில் கை வைத்தேன். பெரியம்மா கதறி அழுதுவிட்டால் அண்ணன் நல்லவர் ஆகிவிடுவார், அண்ணன் நல்லவர் என்றால் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தவனும் குற்றவாளி இல்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதற்பரிசு கிடைத்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தோற்றிருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். பரிசளிப்புக்குப் பெரியம்மாவை நீதான் வலியக் கூட்டிவந்தாய். மூன்றாம் வரிசையில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில், கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்தபடி இருந்தார். நடுவர் எழும்பி, வாழைகள் கண்ணீர் சொரிந்த இடத்தை இரண்டு தரம் வாசித்துக் காட்டிப் புகழ்ந்தார். அந்த நேரம் நீ மேடைக்குப் பின்னால் நின்றதால் உனக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. வெட்கங்கெட்டு ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பிறகு முதற்பரிசுக்காரர் தன் கதையை வாசிக்கும் வழக்கப்படி உன் கையில் அச்சுப் பிரதியைத் தந்தார்கள். வானொலி வரி வர வேண்டிய இடத்தில் அரைக் கணம் நின்றாய், பிறகு தொடர்ந்தாய். கடைசிப் பக்கத்தைப் புரட்டினாய். "மண்வெட்டியை எறிந்துவிட்டு" என்று தொடங்கி, நிறுத்தி, நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "இதுக்கு மேலை என்னாலை வாசிக்க ஏலாது" என்று சொல்லிவிட்டு இறங்கினாய். அறிவிப்பாளர் ஓடிவந்து, "கதாசிரியர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்று சொல்லி, மிச்சத்தைத் தானே குரல் தழுதழுக்க வாசித்து முடித்தார். மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது.

திரும்பி ஓட்டோவில் வந்தோம். கோப்பாய்ச் சந்தி தாண்டியதும் பெரியம்மா உன் கையைப் பிடித்துக் கேட்டார். "ஏன் ராசா என்னை அழ வைச்சனீ? நான் அழேல்லையே. நீ பக்கத்திலை நிண்டு பாத்தனியெல்லே?" நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் செய்தேன் அண்ணி என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. வீதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமை நீ சான்றிதழைத் திருப்பி அனுப்பினாய், முடிவு என்னுடையது அல்ல என்று ஒரு வரி மட்டும் எழுதி. அதிலிருந்து ஊர்க் கதை தொடங்கியது. வாசிகசாலையில் ஒருவர் என்னையே கேட்டார். "உங்கடை பெடியன்ரை கதையை வேறை ஆரோ எழுதிக் குடுத்ததாமே. ஆர் அண்ணை?" "எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துப் பிடித்தேன். எல்லாவற்றிலும் கேவலமான பிழை இதுதான். கதையை மாற்றியபோது என்ன செய்கிறேன் என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது. இதைச் சொன்னபோது முழுதாகத் தெரிந்தது.

தகப்பன் என்றால் புத்தி சொல்ல வேண்டும். சொல்கிறேன், கேட்பதும் விடுவதும் உன் பாடு. எழுதியதை இனி அச்சுக்குப் போகமுன் என்னைப் போன்றவர்களிடம் கொடுக்காதே. உன்னில் அன்பாக இருக்கிறவனுக்கு உன் எழுத்தில் கை வைக்க உரிமை இருக்கிறதென்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அடுத்தது, என்னைப் பொறுத்துக்கொள்ளாதே. பொறுமை நல்ல குணம் என்று உனக்குச் சொல்லித் தந்தவன் நான்தான். பெரியம்மா முப்பத்தெட்டு வருடம் பொறுத்தார், நாங்கள் எல்லோரும் அந்தப் பொறுமையைப் புகழ்ந்துகொண்டு சும்மா இருந்தோம். நீயும் அதே வழியில் போகிறாய் என்று நினைக்க எனக்கு எரிகிறது. வந்து என்னை ஏசு. வாசலில் நின்று கத்து, ஊர் கேட்கட்டும். "பிள்ளை இனி எழுதமாட்டானாம்" என்று அம்மா சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் ஒன்றரைப் பக்கத்துக்காக நீ இனி எழுதப்போகிற எல்லாவற்றையும் விட்டுவிடுவாயா? அவ்வளவு பெறுமதி அதற்கு இல்லை. ரைப் பண்ணின பிள்ளைக்கே அது விளங்கிவிட்டது.

இன்று காலை உன் கொப்பியை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் போனேன். வாழையடியில் முளைத்த குட்டிகளைப் பிரித்து நடக் கிண்டிக்கொண்டிருந்தார். மண்ணிலேயே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு குட்டி கிண்டி முடித்தார். பிறகு, "அவன் எழுதினதை வாசி பாப்பம்" என்றார். உன் கையெழுத்திலிருந்து ஒரு சொல் விடாமல் வாசித்தேன். வானொலி வரியில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அதையும் வாசித்தேன்.

"அந்த றேடியோச் சத்தம் இஞ்சையும் கேக்கிறதுதான் தம்பி," என்றார்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "வியாழக்கிழமை எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். ஒன்பதுக்கு என்றேன். "நானும் வாறன்" என்றார். நான் மட்டும் போனால் போதும் அண்ணி, எழுதினவன் நான்தானே என்றேன். எரிச்சலோடு என்னைப் பார்த்தார். "நீ எழுதினனீ எண்டு நீ சொல்லு. நான் அழேல்லையெண்டு ஆர் சொல்லுறது?"

ஆகவே வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் துறையில் நிற்போம். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இந்தக் கடிதத்தின் பிரதி அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். உன் பெயரைக் காப்பாற்ற உன்னிடம் இனி நான் அனுமதி கேட்கப் போவதில்லை. கொப்பியை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உள்ளே நான் ஒரு கோடும் போடவில்லை.

வேலிப் படலை வரை வந்துவிட்ட என்னைப் பெரியம்மா திரும்பக் கூப்பிட்டார். உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார். எனக்கு அதை எழுதக் கை கூசுகிறது. வீட்டில் பிரேதம் கிடக்கும்போது நடந்த விடயம், ஊர் என்ன சொல்லும் என்றுதான் இப்போதும் முதலில் நினைக்கிறேன். ஆனாலும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பெடியன் நல்லாத்தான் எழுதியிருக்கிறான். ஆனா அவன் போனாப் பிறகு நடந்தது அவனுக்குத் தெரியாது. மோட்டரை நிப்பாட்டிப்போட்டு, நான் வரம்பிலை குந்தியிருந்து நாலு வாழைப்பழம் திண்டனான். நல்ல பசி. அதையும் எழுதச் சொல்லு."

அப்பா